முதல் பறப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு: பெர்க்லி மணிக்கூண்டு வல்லூறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் மணிக்கூண்டில் 2017ஆம் ஆண்டு ஒரு சோடி பொரி வல்லூறுகள் குடியேறிக் குஞ்சு பொரித்தன. அங்கே பொரிக்கும் குஞ்சுகள் முதன்முறை பறக்கும் நாட்களில் கீழே நின்று காவல் பார்ப்பதை இங்கே ‘ஃப்ளெட்ஜ் வாட்ச்’ என்கிறார்கள். அந்தப் புல்வெளியில் நான் நின்ற வசந்தங்களில், நம்மவர்கள் பலர், பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்து, திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இவ்வளவு பேர் அண்ணாந்து எதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?

சேதர் கோபுரம் என்பது இந்த மணிக்கூண்டின் முறையான பெயர். காம்பனீலே என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். 307 அடி உயரம். அதன் மேற்பகுதியில் உள்ள கல் விளிம்பில் பழுப்பு நிறத்தில் அசைபவைதான் வல்லூறுக் குஞ்சுகள். தாய் தந்தையர் அளவுக்கு வளர்ந்துவிட்ட, ஆனால் ஒருமுறைகூடப் பறந்திராத குஞ்சுகள் அவை.

அவை கிளம்பும் நொடியைப் பார்க்கவே எல்லோரும் வருகிறார்கள். காவல் நிற்பவர்களின் கண்ணோ அவை எங்கே போய் இறங்குகின்றன என்பதில்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் பதில்களில் பாதி அந்த இறங்குதலைப் பற்றியதாகவே இருக்கும். ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மலையில இருக்க வேண்டிய பறவை ஊருக்குள்ள ஏன் வருது?

வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் பறவை அன்று. செங்குத்தான பாறை முகத்தில் ஒரு திட்டைத் தேர்ந்து, அங்குள்ள மணலையோ சரளையையோ நெஞ்சாலும் காலாலும் சீய்த்துக் குழித்து, அந்தக் குழியிலேயே முட்டையிடும். எதிரி ஏறி வர முடியாத உயரமும், கீழே பரந்த வெளியும், அருகிலேயே இரையும் இருந்தால் அதற்குப் போதும். உயரமான கட்டடம் ஒன்று இந்த மூன்றையும் தருகிறது. நகரத்துப் புறாக்கள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன.

கட்டடத்தில் இல்லாதது சரளை மட்டுமே. வெறுங்கல்லில் முட்டை உருளும், உடையும். ஆகவே வல்லூறு தங்க வரும் கட்டடங்களில் சரளை நிரப்பிய தட்டையோ பெட்டியையோ வைத்துவிடுவது வழக்கம். சான் ஹோசே நகரமன்றக் கட்டடத்திலும் இப்படி ஒரு பெட்டி வைத்த பிறகு, 2007 முதல் பல ஆண்டுகள் கிளாரா என்று பெயரிடப்பட்ட பெண் வல்லூறு அங்கே குஞ்சு பொரித்தது.

மணி அடிக்கிறப்ப பயப்படாதா?

பழகிவிட்டன. அந்தக் கோபுரத்தில் 61 மணிகள் இருக்கின்றன. முட்டைக்குள் இருக்கும்போதிருந்தே அந்த ஓசையைக் கேட்டு வளரும் குஞ்சுகளுக்கு அது காற்றோசை போலத்தான்.

உலகம் முழுக்க இருக்கிற பறவைதானே, இதுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

1970ஆம் ஆண்டு கலிஃபோர்னியா முழுவதிலும் கூடு கட்டியதாக அறியப்பட்டவை இரண்டே சோடிகள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த டி.டி.டி. மருந்து, பூச்சியைத் தின்ற சிறு பறவைகளின் கொழுப்பில் தங்கி, அவற்றைத் தின்ற வல்லூறின் உடலில் இன்னும் செறிவாகச் சேர்ந்தது. அதன் சிதைபொருள் முட்டையோட்டில் சுண்ணாம்பு படிவதைத் தடுத்ததால் ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின.

1972இல் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட், இங்கே சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கிய வேட்டைப்பறவை ஆய்வுக் குழு போன்றவை, வளர்ப்பில் குஞ்சு பொரிக்கச் செய்து, வட அமெரிக்கா முழுவதிலும் 6,000க்கும் மேற்பட்ட பறவைகளை வெளியில் விட்டன. 1999 ஆகஸ்டில் இந்தப் பறவை அழிவு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புல்வெளியில் நம் அருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைக்காரர்களில் சிலர், வல்லூறே இல்லாத வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் ஏன் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

எந்தத் தேதியில வந்தா முதல் பறப்பைப் பாக்கலாம்? சனிக்கிழமைதான் எனக்கு லீவு.

தேதி சொல்ல முடியாது, கணக்குச் சொல்லலாம். இங்கே மார்ச்சில் முட்டையிடுகின்றன, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. கடைசி முட்டைக்குச் சற்று முன்பிருந்தே முழுமூச்சாக அடைகாக்கத் தொடங்குவதால், ஏறக்குறைய 33 நாட்களில் குஞ்சுகள் ஓரிரு நாள் இடைவெளிக்குள் வெளிவந்துவிடும். பொரித்த நாளிலிருந்து 38 முதல் 45 நாட்களுக்குள் பறக்கும். கூட்டிப் பார்த்தால் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம் வரும்.

ஆண்குஞ்சுகளே முந்திக்கொள்ளும். இந்த இனத்தில் பெண், ஆணைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியது. அந்த உடலுக்கு வேண்டிய சிறகு வளர்ந்து முடிய சில நாட்கள் கூடுதலாகும். எனவே முதல் குஞ்சு வெள்ளிக்கிழமையே பறந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலும் சனிக்கிழமை வாருங்கள். அதன் தங்கைகள் மேலேயேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

குஞ்சு எது, பெருசு எதுன்னே தெரியலை. எல்லாம் ஒரே அளவா இருக்கே?

அளவைப் பார்க்காமல் நெஞ்சைப் பாருங்கள். குஞ்சின் நெஞ்சில் பழுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். முதிர்ந்த பறவைக்கு வெண்மையான மேல்நெஞ்சும் அதற்குக் கீழே குறுக்குக் கோடுகளும் இருக்கும். குஞ்சின் முதுகு காப்பித்தூள் நிறம். பெரியவற்றின் முதுகு கருநீலம் கலந்த சாம்பல். வெயில் எதிரே இருந்து நிறம் தெரியாவிட்டால் குரலைக் கேளுங்கள்: இரை கேட்டு இழுத்து இழுத்து அலறிக்கொண்டே இருப்பது குஞ்சு.

இன்னைக்குப் பறக்குமா பறக்காதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

முதலில் பார்ப்பது தூவியை. பொரிக்கும்போது வெண்பஞ்சு உருண்டையாக இருந்த உடலில், மூன்றாவது வாரத்திலிருந்து இறகுகள் முளைத்துத் தூவியைத் தள்ளிக்கொண்டு வரும். தலையுச்சியில் மட்டும் நாலைந்து வெண்ணிழைகள் மிஞ்சியிருக்கும் குஞ்சு, பறக்கும் நாளை நெருங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, அது விளிம்பில் ஓடத் தொடங்கும், ஓடிக்கொண்டே சிறகடிக்கும். கல்லை நகங்களால் இறுகப் பற்றிக்கொண்டு, உடல் கிடைமட்டமாகும் வரை வேகமாக அடித்து, பிறகு மூச்சிரைக்க நின்று, தான் என்ன செய்தோம் என்று பார்ப்பதுபோலத் தன் சிறகையே திரும்பிப் பார்க்கும்.

கடைசிக் கட்டத்தைக் காவலர்கள் ‘ஹெலிகாப்டர்’ என்பார்கள்: அடித்துக்கொண்டே இரண்டு காலும் கல்லைவிட்டு ஒரு சாண் எழும்பி, பக்கத்தில் ஒரு முழம் தள்ளி இறங்கும். அது தொடங்கிவிட்டால் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஆனாலும் இந்த அறிகுறிகளை வைத்து நேரம் குறிக்க முடியாது. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருக்கும் குஞ்சைக் காற்று சட்டென்று தூக்கிவிடுவதும் உண்டு. எல்லாம் தயாராக இருந்தும் இரண்டு நாள் தூங்கியே கழிக்கும் குஞ்சும் உண்டு.

அங்கிள், அம்மா பறவை புடிச்சுத் தள்ளி விட்டுடுமா?

தள்ளாது கண்ணு. அம்மாவும் அப்பாவும் இரையை வாயெதிரே கொண்டுவந்து தருவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். புறாவைக் காலில் பற்றிக்கொண்டு கூட்டுக்கு முன்னால் வட்டமிட்டுப் போகும். எதிர்க் கட்டடத்தின் மேல் உட்கார்ந்து, குஞ்சுகள் பார்க்கும்படி இறகு பிய்க்கும். பசித்த குஞ்சு விளிம்பின் நுனிக்கு வந்து கத்தும், சிறகடிக்கும்.

இதைக் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் ‘பட்டினி போடுகின்றன’ என்று வருத்தப்படுகிறார்கள். பட்டினி போடுவதில்லை, கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு மாலைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுகின்றன. பறக்காத நாளிலும் சோறு உண்டு.

முதல் தடவை பறக்கிறது எப்படி இருக்கும்? அப்படியே மேல போயிடுமா?

கீழேதான் வரும். நான் அருகிலிருந்து முழுமையாகப் பார்த்தது ஓர் ஆண்குஞ்சின் பறப்பை. காலை முழுவதும் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிவாக்கில் மேற்கிலிருந்து காற்று எழுந்தபோது, தலையில் மிஞ்சியிருந்த மூன்று தூவி இழைகளும் பின்பக்கமாகப் படிந்ததைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி வில்லையில் வெறும் கல்தான் இருந்தது. கண்ணை எடுத்துத் தேடியபோது, வாலை விசிறிபோல விரித்து, கால்களைத் தொங்கவிட்டு, ஆழமில்லாத வேகமான அடிகளோடு நூலகக் கூரையை நோக்கி நேர்கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

பறப்பது சிறகுக்குத் தெரிந்திருக்கிறது, நிறுத்துவது தெரியவில்லை. இறங்கும் முன் வேகத்தைக் குறைத்து, உடலை நிமிர்த்தி, காற்றுக்கு எதிராகச் சிறகை அகட்ட வேண்டும் என்பதைக் குஞ்சு பல முறை தவறியே கற்றுக்கொள்கிறது. அன்று அது சரிவான ஓட்டின் மேல் நெஞ்சால் மோதி, நகங்கள் ஓட்டில் கீறக் கீறச் சறுக்கி, மழைநீர்க் காலோரம் வந்து நின்றது. பிறகு சிலிர்த்துக்கொண்டு, இறகுகளை ஒவ்வொன்றாக அலகால் நீவத் தொடங்கியது. கீழே நின்ற எங்களில் யாரும் அதுவரை மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை.

கீழ விழுந்து கிடந்தா நாமளே தூக்கி உயரத்துல வச்சிடலாமா?

தூக்காதீர்கள். அனுமதி பெறாதவர் இப்பறவையைக் கையாள்வது, 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, மிரண்ட குஞ்சு உங்களை விட்டு ஓடும், அது ஓடும் திசை சாலையாக இருக்கலாம். தரையில் குஞ்சைக் கண்டால் பத்திருபது அடி தள்ளி நின்று, நாயையும் வண்டிகளையும் தடுத்து, காவல் உடுப்பு அணிந்த தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் வளாகக் காவல் அலுவலகத்துக்கோ வனவிலங்கு மருத்துவமனைக்கோ சொல்லுங்கள்.

தரையில் இருப்பதாலேயே அது காயம்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உயரத்திலிருந்து கிளம்பும்போது விழுகிற வேகமே சிறகுக்குக் காற்றைத் தருகிறது. சமதரையிலிருந்து எழும்ப வேண்டுமானால் நெஞ்சுத்தசை மட்டுமே தூக்க வேண்டும். முதல் ஓரிரு நாட்களில் அந்த வலு இருப்பதில்லை. பயிற்சி பெற்றவர்கள் துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட பெட்டியில் வைத்து, காயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஒரு கூரையில் கொண்டுபோய் விடுவார்கள். தாழ்ந்த கூரை, மரக்கிளை, சன்னல் திட்டு ஆகியவற்றில் உட்கார்ந்திருக்கும் குஞ்சை அப்படியே விட்டுவிட வேண்டும். இரவு முழுவதும் தனியே இருந்தாலும் அதன் குரலை வைத்துப் பெற்றோர் கண்டுபிடித்துவிடும்.

மனுஷர் தொட்டா அம்மா சேத்துக்காதாமே?

அது உண்மையில்லை. மேலே சொன்னபடி கூரையில் விடப்பட்ட குஞ்சுக்குப் பெற்றோர் வழக்கம்போல இரை கொண்டுவருகின்றன. தொடக்கூடாது என்பதற்குக் காரணம் வாசனை அல்ல; சென்ற பதிலில் உள்ளவைதான்.

ரொம்பப் பெரிய ஆபத்து எது? பூனையா?

கண்ணாடி. வானத்தையும் மரத்தையும் காட்டும் சன்னல், இறங்கத் தெரியாத பறவைக்குத் திறந்த வெளியாகவே தெரிகிறது. 2017இல் இந்தக் கோபுரத்தில் பொரித்த முதல் இரு குஞ்சுகளுக்கு, ‘ஒளி உண்டாகுக’ என்று பொருள்படும் பல்கலைக்கழக வாசகத்தைப் பிரித்து ஃபியாட், லக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லக்ஸ் பறக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அருகிலிருந்த எவன்ஸ் ஹால் கட்டடத்தில் மோதி இறந்தது. வண்டிகள், பெரிய கொம்பன் ஆந்தைகள் எல்லாம் கண்ணாடிக்கு அடுத்தவைதான். உங்கள் அலுவலகம் இப்படி ஒரு கூட்டுக்கு எதிரே இருந்தால், அந்த இரண்டு வாரங்களுக்காவது கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் பட்டைகளோ புள்ளிகளோ ஒட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். உள்ளே திரை போடுவதால் பெரும் பயன் இல்லை. பிரதிபலிப்பு வெளியே அப்படியேதான் இருக்கும்.

கேமராவுலயே வீட்ல இருந்து பாத்துக்கலாமே, நேர்ல எதுக்கு?

2019 முதல் கூட்டில் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. முட்டை பொரிப்பதையும் தாய் ஊட்டுவதையும் அவற்றில் பார்ப்பதே மேல். கீழிருந்து அது எதுவும் தெரியாது. ஆனால் குஞ்சு கிளம்பியவுடன் கேமராவில் மிஞ்சுவது காலி விளிம்பு மட்டுமே. அது எங்கே இறங்கியது என்று சொல்லக் கீழே நான்கு திசையிலும் கண்கள் வேண்டும்.

வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ட்ரோன் கொண்டுவராதீர்கள். பெற்றோர் அதை எதிரியாகக் கருதித் தாக்கும். தாக்கினால் அடிபடுவது பறவைதான், மிரண்டு அகாலத்தில் குதிப்பது குஞ்சுதான்.

கால்ல வளையம் மாட்டுறது கொடுமை இல்லையா?

எனக்கும் முதலில் உறுத்தியது. குஞ்சுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்போது வளையம் போடுகிறார்கள். அதற்குள் கால் முழுப் பருமனுக்கு வளர்ந்துவிடுவதால் வளையம் பின்னால் இறுக்காது; அதற்குமேல் தாமதித்தால் குஞ்சு பயந்து விளிம்பிலிருந்து குதித்துவிடக்கூடும். சில நிமிட வேலை.

அதனால் கிடைக்கும் பயன் இது: 2018இல் பொரித்த மூன்று குஞ்சுகளுக்கு, பெர்க்லியோடு தொடர்புடைய தனிமங்களின் பெயர்களான பெர்க்கிலியம், கலிஃபோர்னியம், லாரன்சியம் என்று பெயரிட்டார்கள். அவற்றில் லாரன்சியம் வளர்ந்து, விரிகுடாவின் நடுவே பழைய சிறைச்சாலை இருக்கும் அல்கட்ராஸ் தீவில் தானே கூடு வைத்தது. வளையத்தில் இருந்த எழுத்துகள் இல்லாவிட்டால், அது இந்தப் புல்வெளியில் நாம் பார்த்த பெண்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பறந்து போனதுக்கு அப்புறம் திரும்பி வருமா? உடனே வேட்டையாடுமா?

வரும், வேட்டையாடத் தெரியாது. முதல் பறப்புக்குப் பின் ஏறக்குறைய ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை பெற்றோரே ஊட்டுகின்றன. முதலில் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு பறந்துகொண்டே, குஞ்சு கீழிருந்து தலைகீழாகப் புரண்டு காலால் வாங்கிக்கொள்ளும்படி கொடுக்கும். இன்னும் சில நாளில் நடுவானில் இரையைக் கைவிட்டு, அதைத் துரத்திப் பிடிக்கச் செய்யும். உயரத்திலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் பறவையின் பள்ளிக்கூடம் இதுதான். முதல் பறப்பைத் தவறவிட்டவர்கள் இரண்டு வாரம் கழித்து வாருங்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நாட்களே அதிகம் பிடிக்கும்.

அப்பாவோ அம்மாவோ செத்துப்போனா குஞ்சுகள் கதி என்ன?

2022இல் அது நடந்தது. 2017 முதல் இங்கே இருந்த சோடிக்கு ஆனி, கிரின்னல் என்று பெயர். இங்குள்ள முதுகெலும்பிகள் அருங்காட்சியகத்தை நிறுவிய ஆனி அலெக்ஸாண்டர், அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல் ஆகியோரின் பெயர்கள் அவை. மார்ச் 31 அன்று பெர்க்லி நகர் நடுவே ஆண்பறவை கிரின்னல் இறந்து கிடந்தது. பெரும்பாலும் வண்டி மோதியிருக்க வேண்டும். முட்டைகளோடு ஆனி தனித்துவிட்டது. அடைகாக்கவும் வேட்டையாடவும் ஒரு பறவையால் முடியாது என்பதால் அந்த ஆண்டு முடிந்தது என்றே எண்ணினோம்.

ஆனால் சில மணி நேரத்துக்குள் வேறோர் ஆண் வந்தது. இரை கொண்டுவந்து கொடுத்தது. தன்னுடையவை அல்லாத முட்டைகள் இருந்த கூட்டில் உட்கார்ந்து அடைகாத்தது. ஆல்டன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு குஞ்சுகள் பொரித்துப் பறந்தன. எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. இடம் தேடித் திரியும் பறவைகள் அக்கம்பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். இரண்டே சோடிகள் இருந்த 1970இல் ஆல்டன் வந்திருக்க வழியில்லை.

எப்படியும் பாதி செத்துப்போகும்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?

முதல் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டவை இறந்துவிடுவது உண்மை. மலைப்பாறையில் பிறந்தாலும் அப்படித்தான். ஆனால் சாலை நடுவே இறங்கி நிற்பதும் கண்ணாடியில் மோதுவதும் பறவையின் குறையால் வருபவை அல்ல; நாம் கட்டிய ஊரால் வருபவை. வேட்டையாடக் கற்காத பறவையை நாங்கள் காப்பாற்றுவதில்லை, காப்பாற்றவும் முடியாது. ஒரு குஞ்சு வண்டிக்கு அடியில் சிக்காமல் இரண்டாவது முறை பறக்க வாய்ப்புக் கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை. அதற்காக மூன்று நாள் வெயிலில் நிற்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

தம்பி, நம்ம ஊர்ப்பக்கம் இது உண்டா?

உண்டு அம்மா. ஷாகீன் வல்லூறு என்பது இதே இனத்தின் தெற்காசிய வகை. நெஞ்சும் வயிறும் செம்மை படர்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை முகங்களிலும், இலங்கையில் சிகிரியா குன்றிலும் கூடு வைக்கிறது. இவை தவிர, வடக்கே குளிர்ப் பகுதிகளில் பிறந்த பொரி வல்லூறுகள் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் நீர்நிலைகளுக்கும் வலசை வருகின்றன. அவை நம் ஊரில் குஞ்சு பொரிப்பதில்லை. உயரமான கோபுரத்திலோ செல்பேசிக் கம்பத்திலோ தனியே உட்கார்ந்திருக்கும் பறவையை டிசம்பரில் பார்த்தால், முன்பு சொன்னபடி நெஞ்சுக்கோட்டைப் பாருங்கள்.

காவல் எப்போ முடியும்? கடைசிக் குஞ்சு பறந்ததும் கிளம்பிடுவீங்களா?

கடைசிக் குஞ்சு பறந்த பிறகும் மூன்று நான்கு நாட்கள் நிற்போம். ஒவ்வொரு குஞ்சும் தாழ்ந்த கூரையிலிருந்து தானாகவே எழும்பி, மணிக்கூண்டின் மேல்தளத்துக்குத் திரும்ப ஏறிவிட்டதா என்பதே கணக்கு. கீழிருந்து மேலே ஏறத் தெரிந்துவிட்டால் தரையில் மாட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் மாலையில், வெயில் கோபுரத்தின் மேற்குப் பக்கத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஒவ்வொன்றையும் வாக்கி-டாக்கியில் எண்ணிச் சொல்வார்கள். எண்ணிக்கை சரியாக வந்ததும் நாற்காலிகளை மடக்குவோம்.